கனடாவில் பதிப்புரிமை நோட்டீஸ் வந்தால்: எந்தக் கருவி, எந்த நேரம் என்று கண்டுபிடிப்பது எப்படி

"பதிப்புரிமை மீறல் அறிவிப்பு" என்று உங்கள் இணைய நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறதா? அழிக்காதீர்கள். பதில் போடாதீர்கள். பணம் கட்டாதீர்கள். பயத்தில் ரவுட்டரைப் பிடுங்கி மறுபடி செருகவும் வேண்டாம். அதற்குக் காரணம் கீழே வருகிறது. முதலில் மின்னஞ்சலைக் கடைசி வரி வரை படியுங்கள். எந்தக் கோப்பு, எந்த நேரம், எந்தக் கருவி என்று கண்டுபிடிக்கத் தேவையானது பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும்.

இது கனடாவில் இருப்பவர்களுக்கு மட்டும். ஜெர்மனியில் வழக்கறிஞர் கடிதம் நேராக வீட்டுக்கே வரும், அதற்குக் கெடுவும் உண்டு. அங்கே இருப்பவர்கள் இந்தக் குறிப்பைப் பின்பற்றிக் கெடுவைத் தவறவிடக் கூடாது.

நோட்டீஸ் வரும் வழி இதுதான். டொரன்ட் என்பது ஒரே கோப்பைப் பலர் துண்டு துண்டாகத் தமக்குள் பகிர்ந்து இறக்கும் முறை. அதில் ஒரு கோப்பைப் பகிரும் எல்லோருக்கும் மற்ற எல்லோருடைய ஐ.பி. முகவரியும் (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தெரியும். அது அந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படை. யாரும் உங்கள் கணினிக்குள் நுழைய வேண்டியதில்லை. படநிறுவனங்களுக்காக வேலை செய்யும் கண்காணிப்பு நிறுவனமும் அதே கூட்டத்தில் சேர்ந்து, தெரியும் முகவரிகளைக் குறித்துக்கொள்கிறது. ஐ.பி.யை வைத்து இணைய நிறுவனம் எது என்று பார்த்து அங்கே அனுப்புகிறது. 2015 ஜனவரி முதல், சட்டப்படி அமைந்த நோட்டீஸை வாடிக்கையாளருக்கு அனுப்பி வைப்பது இணைய நிறுவனத்தின் கடமை. உங்கள் பெயரையோ முகவரியையோ அது எதிர்த்தரப்புக்குக் கொடுப்பதில்லை. அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

படி 1: உண்மையான நோட்டீஸ்தானா?

மின்னஞ்சலில் உள்ள எந்த இணைப்பையும் அழுத்தாமல், உங்கள் மாதாந்தர பில்லில் இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். ஜிப் கோப்பு இணைத்து வந்தால் அதைத் திறக்கவே வேண்டாம்.

முறையான நோட்டீஸில் உரிமை கோருபவரின் பெயரும் முகவரியும், எந்தப் படைப்பு, அதில் அவருக்கு என்ன உரிமை, எந்த ஐ.பி., என்ன மீறல், எந்தத் தேதி, எந்த நேரம் என்பவை எல்லாம் இருக்க வேண்டும். இருக்கக் கூடாததும் உண்டு. 2018 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, "இவ்வளவு கட்டினால் விட்டுவிடுகிறோம்" என்ற பேரமோ, பணம் கேட்பதோ, உங்கள் சொந்த விவரம் கேட்பதோ, அவற்றுக்குக் கொண்டுபோகும் இணைப்போ உள்ள நோட்டீஸ் செல்லாது. இணைய நிறுவனம் அதை அனுப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனாலும் சில தப்பி வந்துவிடுகின்றன. அப்படி வந்தால் பணம் கட்டும் கடமை உங்களுக்கு இல்லை. "கட்டிவிட்டால் தொல்லை விட்டது" என்று கட்டப் போனால், நோட்டீஸ் அனுப்பியவருக்கு இதுவரை தெரியாத உங்கள் பெயரை நீங்களே கொடுத்ததாகிவிடும்.

படி 2: அடியில் உள்ள புரியாத பகுதி

மேலே சட்ட வாசகம் நீளமாக ஓடும். அதைத் தாண்டிக் கீழே போனால் கூர்மையான அடைப்புக்குறிகள் நிறைந்த ஒரு பகுதி வரும். அது எக்ஸ்.எம்.எல். கணினிகள் படிப்பதற்கென்று எழுதப்பட்டதால் பலர் அதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது முழுக்க அங்கேதான் இருக்கிறது: டைம்ஸ்டாம்ப் (தேதியும் நேரமும்), ஐ.பி. முகவரி, போர்ட் எண் (அந்த முகவரியில் எந்த வாசல் வழியாகப் பகிர்வு நடந்தது என்ற எண்), கோப்பின் பெயர், அளவு, ஹாஷ். இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹாஷ் என்பது டொரன்ட்டின் கைரேகை போன்றது, 40 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரம். கோப்பின் பெயரை யாரும் மாற்றலாம். டொரன்ட்டின் ஹாஷ் மாறாது. அதனால் பெயரை நம்பாமல் ஹாஷை வைத்துத் தேடுங்கள். கியூபிட்டொரன்ட் என்ற டொரன்ட் மென்பொருளில் ஒரு டொரன்ட்டைத் தேர்ந்து கீழே "ஜெனரல்" பகுதியைப் பார்த்தால் "இன்ஃபோ ஹாஷ்" இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் தேடல் அங்கேயே முடிந்தது.

படி 3: நேரத்தை மாற்றுவது

வீட்டில் சண்டை மூளுவது இந்த இடத்தில்தான். "ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு வீட்டில் எல்லோரும் தூக்கம், இது பொய் நோட்டீஸ்" என்பார் ஒருவர். பொய் இல்லை. நேரம் யூ.டி.சி.யில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுதப்பட்டிருக்கிறது.

டைம்ஸ்டாம்ப்பின் கடைசியில் இசட் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது யூ.டி.சி. என்று பொருள். ரொறன்ரோ நேரத்துக்கு, குளிர்காலத்தில் 5 மணியும் கோடையில் 4 மணியும் கழிக்க வேண்டும். கோடை நேரம் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை.

நோட்டீஸில் 2024-07-14, 03:12:45Z என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூலை, ஆகவே 4 மணி கழியுங்கள். ஜூலை 13 இரவு 11:12. ஞாயிறு அதிகாலை சனி இரவாகிவிட்டது. மணி மட்டுமல்ல, தேதியும் பின்னால் போகிறது. யார் விழித்திருந்தார்கள் என்ற கேள்விக்கே விடை மாறிவிடும்.

இன்னும் இரண்டு இடறல்கள். மின்னஞ்சல் உங்களுக்கு வந்த தேதி வேறு, மீறல் நடந்ததாகச் சொல்லும் தேதி வேறு. இடையில் பல நாள் இடைவெளி இருக்கலாம். அடுத்தது, அந்த நேரம் கோப்பை இறக்கத் தொடங்கிய நேரம் அல்ல. கண்காணிப்பு நிறுவனம் உங்கள் ஐ.பி.யைக் கூட்டத்தில் கண்ட நேரம். போன மாதம் இறக்கிய கோப்பு, மென்பொருள் திறந்திருக்கும் வரை மற்றவர்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும். "அன்றைக்கு நான் எதையும் இறக்கவில்லை" என்று வீட்டில் ஒருவர் சொன்னால் அவர் உண்மையையே சொல்லலாம். "அன்றைக்கு எந்தக் கணினி ஓடிக்கொண்டிருந்தது" என்று கேளுங்கள்.

படி 4: போர்ட் எண்ணை ரவுட்டரில் தேடுங்கள்

192.168.0.1 அல்லது 192.168.1.1 என்ற முகவரியில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, "யூ.பி.என்.பி." அல்லது "போர்ட் மேப்பிங்" என்ற அட்டவணையைத் தேடுங்கள். சில ரவுட்டர்களில் "அட்வான்ஸ்டு" பகுதிக்குள் ஒளிந்திருக்கும். டொரன்ட் மென்பொருள்கள் வழக்கமாகத் தமக்கு ஒரு போர்ட்டை ரவுட்டரிடம் கேட்டுத் திறந்துகொள்ளும். எந்த உள்முகவரி எந்தப் போர்ட்டைத் திறந்தது என்று இந்த அட்டவணை காட்டும். நோட்டீஸில் உள்ள போர்ட் எண்ணுக்கு எதிரே 192.168.1.23 என்று இருந்தால், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் 23 யாருடைய மடிக்கணினி என்று பாருங்கள்.

ரவுட்டரைப் பிடுங்க வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். பல ரவுட்டர்களில் மறுதொடக்கத்தோடு இந்த அட்டவணையும் பதிவும் அழிந்துவிடும். மென்பொருளை மூடினாலும் அதன் வரி போய்விடும். எல்லாக் கருவிகளும் வழக்கம்போல ஓடும்போது பாருங்கள், திரையைப் படம்பிடித்து வையுங்கள்.

போர்ட் எண் பொருந்தினால் ஏறக்குறைய உறுதி. பொருந்தாவிட்டால் யாரும் விடுபட்டுவிடவில்லை. மென்பொருள் ஒவ்வொரு முறையும் போர்ட்டை மாற்றும்படி அமைத்திருக்கலாம். அப்போது ஒவ்வொரு கணினியிலும் ஹாஷைத் தேடுவதுதான் வழி.

படி 5: நிறுத்துவது

கோப்பை மட்டும் அழித்தால் போதாது. டொரன்ட் மென்பொருளின் பட்டியலிலிருந்தே அதை நீக்குங்கள். சன்னலை மூடினாலும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்ன ஐகானாக அது ஓடிக்கொண்டிருக்கும். வலது கிளிக் செய்து முழுதாக வெளியேற வேண்டும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் "ஸ்டார்ட்அப்" பகுதியில் தானாகத் தொடங்குவதையும் நிறுத்துங்கள்.

"பகிராமல் இறக்கினால் போதுமே" என்று பகிர்வு வரம்பைச் சுழியத்தில் வைப்பவர்கள் உண்டு. பயனில்லை. கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போதே, வந்து சேர்ந்த துண்டுகள் மற்றவர்களுக்கு ஏறிக்கொண்டிருக்கும், முகவரியும் தெரிந்துகொண்டிருக்கும்.

கணினிகள் எல்லாம் சுத்தமாக இருந்தால் தொலைக்காட்சியோடு இணைத்த ஆண்ட்ராய்டு பெட்டியைப் பாருங்கள். "நாங்கள் இறக்கவில்லை, சும்மா பார்த்தோம்" என்று சொல்லும் வீடுகளில் பல நேரம் அதுவே காரணம். படத்தை நேரலை போலக் காட்டும் சில செயலிகள் உள்ளே டொரன்ட்டையே பயன்படுத்துகின்றன. பார்ப்பவருக்குத் தெரியாமலே பகிர்வு நடக்கும். அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள்.

படி 6: பேஸ்மென்ட்டும் வைஃபையும்

ரொறன்ரோப் பகுதியில், ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டு, ஒரே வைஃபையை மேலும் கீழும் பகிரும் நம்மவர் வீடுகள் நிறைய. கீழே யார் என்ன செய்தாலும் நோட்டீஸ் வருவது மேலே பில் கட்டுபவரின் பெயருக்கு. வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தனி இணைப்பு எடுப்பதே நல்லது. முடியாவிட்டால் "கெஸ்ட் நெட்வொர்க்" திறந்து அதற்குத் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். அதனால் வெளியே தெரியும் ஐ.பி. மாறாது. ஆனால் உங்கள் கணினிகளும் அவர்களுடையதும் பிரியும். எந்தப் பக்கம் என்று தெரியும். நோட்டீஸ் வந்ததை அவர்களிடம் அன்பாக, எழுத்தில் சொல்லுங்கள்.

கடவுச்சொல்லை மாற்றி, வைஃபையின் பாதுகாப்பு முறையை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 இல் வைத்து, கடவுச்சொல் இல்லாமலே கருவியை இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். பொத்தானை நிறுத்துங்கள். திருமணத்துக்கு வந்த உறவினர், பிள்ளைகளின் நண்பர்கள் என்று பழைய கடவுச்சொல் எத்தனை கைப்பேசிகளில் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்.

உதவாதவை

இன்காக்னிட்டோ சன்னல் உங்கள் கணினியில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவுதான், ஐ.பி.யை மறைக்காது. டி.என்.எஸ். (தளப் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் சேவை) மாற்றுவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. வி.பி.என். (உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் வழியாக மறைத்து அனுப்பும் சேவை) நல்ல கருவி. விமான நிலைய வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்க நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது நம்பிக்கையை இணைய நிறுவனத்திடமிருந்து வேறொரு நிறுவனத்துக்கு மாற்றுகிறது. இடையில் அறுந்தால் உண்மையான முகவரி வெளியே வந்துவிடும். மீறல், அதைப் போட்டாலும் மீறல்தான்.

டொரன்ட்டே குற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தின் நிறுவல் வட்டுகளுக்கும், இன்டர்நெட் ஆர்கைவின் கோப்புகளுக்கும் அது அருமையான வழி. இறக்கிய பிறகு எஸ்.எச்.ஏ.256 எண்ணை (கோப்பு மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) அதிகாரபூர்வப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ் நூல்களுக்கு மதுரைத் திட்டம், "நூலகம்" என்ற பெயருள்ள ஈழத்து மின்னூலகத் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவை இருக்கும்போது யாரோ ஒளிவருடிய பி.டி.எஃப். கட்டை டொரன்ட்டில் தேடத் தேவையே இல்லை.

எவ்வளவு பயப்பட வேண்டும்?

நோட்டீஸ் என்பது ஒருவரின் குற்றச்சாட்டு. தீர்ப்பு அல்ல, வழக்கும் அல்ல. இணைய நிறுவனம் உங்களை அடையாளம் காட்டும் பதிவை 6 மாதம் வைத்திருக்க வேண்டும். அதற்குள் வழக்குத் தொடங்கியதாக அறிவிப்பு வந்தால் ஓராண்டு. வணிக நோக்கமில்லாத மீறலுக்குச் சட்டம் குறித்துள்ள இழப்பீடு, ஒரு வழக்கில் எல்லா மீறலுக்கும் சேர்த்து 100 முதல் 5,000 டொலர் வரை. "லட்சக்கணக்கில் கட்ட வேண்டும்" என்று மிரட்டும் மின்னஞ்சல் பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்தின் எண்ணை வைத்து மிரட்டுகிறது. இணைப்பு உங்கள் பெயரில் இருப்பது மட்டுமே, அதில் இன்னொருவர் செய்த மீறலுக்கு நீங்கள் அனுமதி கொடுத்ததாக ஆகாது என்ற நிலைப்பாட்டைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 இல் உறுதி செய்தது.

ஆனால் மின்னஞ்சல் அல்லாமல் நீதிமன்றக் கோரிக்கை மனு கையில் தரப்பட்டால் அது வேறு கதை. கனடாவுக்குள் அதைப் பெற்றவர் 30 நாளுக்குள் எதிர்வாதம் தாக்கல் செய்ய வேண்டும். பேசாமல் இருந்தால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு வரக்கூடும். அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள். ஒன்டாரியோவில் லா சொசைட்டியின் (வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பரிந்துரைச் சேவை வழியாக 30 நிமிடம் வரை இலவச ஆலோசனை கிடைக்கும்.

பின்னர் சேர்த்தது

5ஜி வீட்டு இணையம் வைத்திருப்பவர்கள் படி 4 இல் சிக்கிக்கொள்கிறார்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால், ஒரே பொது ஐ.பி.யை உங்களோடு வேறு வாடிக்கையாளர்களும் பகிர்கிறார்கள். நோட்டீஸில் உள்ள ஐ.பி. அப்போது ரவுட்டர் காட்டுவதோடு பொருந்தாது. போர்ட் எண்ணும் வழியில் மாறியிருக்கும். எந்த வாடிக்கையாளர் என்று பிரிக்க, இணைய நிறுவனத்துக்கே ஐ.பி.யோடு போர்ட்டும் துல்லியமான நேரமும் வேண்டும். நோட்டீஸில் போர்ட் இல்லையென்றால் நிறுவனத்தை அழைத்து, "என் கணக்கோடு இதை எப்படிப் பொருத்தினீர்கள்" என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் என்ன நடந்தது, யார் செய்தார்கள் என்று அந்த அழைப்பில் எதையும் விவரிக்க வேண்டாம். கேள்வி, பதில், பேசிய தேதி, குறிப்பு எண் ஆகியவற்றை நோட்டீஸோடு சேர்த்து வையுங்கள்.