வீட்டுப்பாடத்தில் பெற்றோர் எதுவரை உதவலாம்?

பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை முதலில் ஒரு வாரம் குறித்துவையுங்கள். 2020ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப்பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம் என்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரமும், ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு 1 மணி நேரமும், அதற்கு மேல் நாளுக்கு 2 மணி நேரமும் உச்ச வரம்பு. உங்கள் குறிப்பு இதை மிகவும் தாண்டினால், அதை எடுத்துச் சென்று வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு ஏழாம் வகுப்பு முதல்தான் வலுவாகத் தெரிகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 2006இல் தொகுத்துக் காட்டினர். ஆகவே, சிறு வகுப்புப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்து நோட்டை நிரப்ப வைப்பதில் பொருளில்லை.

நேரத்தைவிட முக்கியமானது, பிழையை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. 52இலிருந்து 27ஐக் கழித்து ஒரு குழந்தை 35 என்று எழுதினால், அது கவனக்குறைவு அன்று; 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. உடனே 25 என்று சொல்லித் திருத்தாமல், "இதை எப்படிப் போட்டாய்?" என்று கேளுங்கள். பிறகு பத்து ரூபாய் நோட்டுகள் ஐந்தையும் ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டையும் கையில் கொடுத்து, 27 ரூபாய் தரச் சொல்லுங்கள். ஒரு பத்து ரூபாயைச் சில்லறையாக மாற்றித் தரும்படி குழந்தையே கேட்கும். கடன் வாங்கிக் கழிப்பது என்பது அதுதான்.

அப்போதும் புரியாவிட்டால் பிழையை அப்படியே விட்டு, "கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை" என்று டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நாம் போட்டுக்கொடுத்த சரியான விடை, குழந்தைக்கு எது தெரியவில்லை என்பதை ஆசிரியரிடமிருந்து மறைத்துவிடுகிறது. கைடைப் பார்த்து எழுத வைப்பதும் கடையில் வாங்கிய மாதிரியை அனுப்புவதும் இப்படித்தான்.

படிக்கத் தெரியாத பெற்றோரும் தயங்க வேண்டியதில்லை. பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்லி, கதையைச் சொந்தச் சொற்களில் சொல்லக் கேட்டாலே, பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது தெரிந்துவிடும்.

முடிக்காத நோட்டுக்கு அடி விழும் என்ற அச்சமே பல வீடுகளில் அம்மாவை எழுத வைக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. ஆசிரியரிடம் இதை மரியாதையாகவே நினைவூட்டி, முயன்றும் முடியாத பாடத்தைத் தண்டனையின்றி ஏற்றுக்கொள்ளும்படி கேளுங்கள்.