ஊருக்குப் போனால் போனே ரிமோட்: ராமநாதபுரம் கடற்கரைக்குக் கிளம்புகிறவர்களுக்கு

போன வைகாசியில் ஊருக்குப் போனபோது பையைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் அம்மா டிவி ரிமோட்டைக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டார்கள். ஒரு மாதமாக வேலை செய்யவில்லையாம், நான் வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்தார்களாம். வெளிநாட்டில் இருப்பவனுக்குக் கரண்டு சம்பந்தப்பட்ட எல்லாம் தெரியும் என்பது எங்கள் பக்கம் அசைக்க முடியாத நம்பிக்கை. சிங்கப்பூரில் நான் பார்ப்பது கணக்கு வேலை.

எங்கள் ஊர் உச்சிப்புளிக்குப் பக்கம். மூன்று வாரம் இருந்தேன். போனை வைத்து ஊரில் எதை இயக்க முடிந்தது, எதில் மூக்குடைந்தது, எதைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது என்று எழுதிவைக்கிறேன். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் போகிறவர்களுக்கும் சரி, கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி பக்கம் போகிறவர்களுக்கும் சரி, நிலவரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் அந்த ரிமோட். பின்மூடியைத் திறந்தால் ஸ்பிரிங் முழுக்கப் பச்சைக் களிம்பு. ஜன்னல் கம்பியையே தின்கிற காற்றுக்கு ரிமோட் ஸ்பிரிங் எம்மாத்திரம். உப்பால் வந்ததை உப்புத்தாளால் தேய்த்தேன். உள்ளே கிடந்த பேட்டரி கசிந்து போயிருந்ததால் ஏசி ரிமோட்டில் இருந்த இரண்டைக் கழற்றி இதில் போட்டேன் (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்). அப்புறம் போன் கேமராவைத் திறந்து ரிமோட்டின் முனையை அதற்கு நேராகக் காட்டி பட்டனை அழுத்தினேன். திரையில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு மினுக்கியது. ரிமோட் அனுப்புவது அகச்சிவப்பு ஒளி, நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பொட்டு மினுக்கினால் ரிமோட்டுக்கு உயிர் இருக்கிறது, கோளாறு வேறு எங்கோ. ஐபோனில் பார்க்கிறவர்கள் செல்ஃபி கேமராவில் பாருங்கள், பின் கேமராவில் அந்த ஒளியை வடிகட்டிவிடுவதால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. புது ரிமோட் வாங்க ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறும் முன் செய்ய வேண்டிய முதல் சோதனை இதுதான்.

அந்த ஒளியைப் போனே அனுப்பினால் ரிமோட் எதற்கு? அனுப்பும், ஆனால் எல்லாப் போனும் அனுப்பாது. ரெட்மி, போக்கோ போன்களில் பெரும்பாலானவற்றில் தலைப்பக்க விளிம்பில் சின்னக் கருப்புப் புள்ளி இருக்கும், அதுதான் ஐஆர், அதாவது அகச்சிவப்பு ஒளி அனுப்பும் கண். ஐபோனில் கிடையாது, கூகுள் பிக்சலிலும் கிடையாது. சாம்சங் எஸ்6 வரை வைத்துவிட்டு 2016-இல் வந்த எஸ்7-இல் எடுத்துவிட்டார்கள். ஆக விலை உயர்ந்த போனோடு ஊருக்கு வந்த நான் முழிக்க, தம்பி தன் ரெட்மியை எடுத்து டிவியை அணைத்துக் காட்டினான். அவமானத்தைக் கழுவ, சார்ஜ் ஓட்டையில் செருகுகிற குட்டி ஐஆர் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன், சில நூறு ரூபாய்தான். ஆப்பில் கம்பெனி பெயரைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு குறியீடாக அனுப்பி ‘வேலை செய்ததா?’ என்று கேட்கும், செய்யும் வரை அழுத்திக்கொண்டே போக வேண்டியதுதான். டிவி, ஏசி, செட்டாப் பாக்ஸ் மூன்றும் மாட்டிக்கொண்டன. ரிமோட் வைத்த பிஎல்டிசி ஃபேனும் பல வீடுகளில் வந்துவிட்டது, பழைய ஃபேன் 75 வாட் இழுக்கிற இடத்தில் இது 28, 30 வாட்தான் இழுப்பதால் இன்வெர்ட்டரில் நிறைய நேரம் ஓடும். அதில் பலவும் இதே ஐஆர்தான்.

ஏசி விஷயத்தில் மட்டும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும், இதைத் தெரியாமல் சித்தி ஒரு ராத்திரி முழுக்க நடுங்கினார்கள். டிவி ரிமோட்டில் ஒரு பட்டனுக்கு ஒரு செய்தி, சத்தத்தைக் கூட்டு என்றால் கூட்டு, அவ்வளவுதான். ஏசி ரிமோட் பெரும்பாலும் அப்படியில்லை. எந்தப் பட்டனை அழுத்தினாலும் எத்தனை டிகிரி, காற்று எவ்வளவு வேகம், எந்த மோடு, மடல் ஆடணுமா கூடாதா என்று மொத்தத்தையும் சேர்த்து அனுப்பும். ஏசி பதிலுக்கு எதுவும் சொல்லாது. ஆக ரிமோட் திரையில் தெரிவது அந்த ரிமோட்டின் நினைப்பு, ஏசியின் நிலவரம் இல்லை. சித்தப்பா வீட்டில் நான் போனில் 26 வைத்துவிட்டு வந்தேன். ரிமோட்டுக்கு அது தெரியாது, அதன் நினைப்பில் இன்னும் 18. சித்தப்பா படுக்கப்போகும் முன் மடலை மட்டும் ஆடவிடலாம் என்று ரிமோட்டில் ஒரு அழுத்து அழுத்த, கூடவே 18-உம் போய்விட்டது. காலையில் குற்றவாளி நான்தான்.

ஸ்மார்ட் டிவி வேறு கதை. அதற்கு ஐஆர் தேவையில்லை, போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். கூகுள் டிவி ஆப்பைப் போட்டால் ஐபோன்கூட ரிமோட் ஆகிவிடும், டிவி திரையில் வரும் எண்ணைப் போனில் தட்டினால் வேலை முடிந்தது. சாம்சங்குக்கு ஸ்மார்ட் திங்ஸ், எல்ஜிக்கு தின்க்யூ. சிக்கல் எப்போது வருமென்றால், ரிமோட்டும் செத்து, டிவி வைஃபையிலும் இல்லாதபோது. எங்கள் வீட்டில் ரிமோட் செத்துக் கிடந்த அந்த ஒரு மாதத்தில் அதுதான் நடந்தது: ரவுட்டரை மாற்றிவிட்டுப் போனவர்கள் வைஃபை பெயரையும் மாற்றிவிட்டார்கள், டிவி பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. இதற்கு இரண்டு வழி. ஒன்று, டிவியின் பின்னால் இருக்கும் யுஎஸ்பி ஓட்டையில் கம்ப்யூட்டர் மவுஸைச் செருகுங்கள், ஆண்ட்ராய்டு டிவியாக இருந்தால் திரையில் அம்புக்குறி வந்துவிடும், அதை வைத்தே செட்டிங்ஸுக்குள் போகலாம். இன்னொன்று எனக்குப் பிடித்தது: ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதற்குப் பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஓர் எழுத்து மாறாமல் வையுங்கள். டிவி பழைய ஆள் வந்துவிட்டார் என்று ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். இன்னொரு போனையும் அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து ரிமோட் ஆக்கி, டிவியைப் புது வைஃபைக்கு மாற்றுங்கள். ஐபோனில் ஹாட்ஸ்பாட் போடுகிறவர்கள் ‘மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி’யை ஆன் பண்ணுங்கள், இல்லாவிட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் தெரிந்த டிவியின் கண்ணில் அது படாது.

ராமேஸ்வரத்தில் லாட்ஜில் தங்கினால் இந்த வித்தை பலிக்காமல் போகலாம். லாட்ஜ் வைஃபைகளில் ஓர் அறையின் போன் இன்னொரு கருவியைப் பார்க்கவிடாமல் தடுத்து வைத்திருப்பது வழக்கம், நல்லதுக்குத்தான், இல்லாவிட்டால் பக்கத்து அறைக்காரர் உங்கள் டிவியில் பாட்டுப் போடுவார். அங்கே யூடியூப் பார்க்க மட்டும் என்றால், டிவி யூடியூப்பின் செட்டிங்ஸில் வரும் எண்ணைப் போன் யூடியூப்பில் போடுங்கள், ஒரே வைஃபை வேண்டியதில்லை, இரண்டிலும் நெட் இருந்தால் சரி. உங்கள் ஜிமெயிலைப் போட்டு லாட்ஜ் டிவிக்குள் நுழையாதீர்கள். நுழைந்தால் அறையைக் காலி பண்ணும்போது மறக்காமல் வெளியே வாருங்கள். வாடகைக் கார் ப்ளூடூத்துக்கும் இதேதான்: பாட்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், ‘காண்டாக்ட்’ கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் ஏறிய வண்டியில் முன்னால் வந்துபோன ஒரு குடும்பத்தின் சொந்தக்காரர்கள் பெயரெல்லாம் வரிசையாகத் திரையில் இருந்தது.

இப்போது கரண்டு. ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, இங்கிலாந்தில் இருந்து வருகிறவர்களுக்கு ப்ளக்கின் வடிவம் ஒன்றுதான் பிரச்சினை. கனடா, அமெரிக்காக்காரர்கள் ஜாக்கிரதை. டொரொண்டோவில் இருந்து மச்சான் ஆசையாக ஸ்மார்ட் ப்ளக் நான்கு கொண்டுவந்தான், போனில் தட்டினால் விளக்கு எரியும் என்று வாண்டுகளையெல்லாம் கூட்டி உட்காரவைத்துச் செருகினான். டப்பென்று ஒரு சத்தம், கருகல் வாசனை, வாண்டுகள் கைதட்டினார்கள். 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது, அடியில் பொடி எழுத்தில் போட்டும் இருந்தது. 100-240 என்று அச்சடித்திருந்தால்தான் செருகலாம். சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஸ்மார்ட் ப்ளக் அப்படியில்லை. வேண்டுமென்றால் இந்தியாவிலேயே வாங்குங்கள். ஏசிக்கு 16 ஆம்பியர் வாங்க வேண்டும், 6 ஆம்பியர் தாங்காது.

தோப்பு, தோட்டம் வைத்திருக்கிறவர்கள் வீட்டில் மொபைல் ஸ்டார்ட்டரைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியோடு சிம் போட்ட ஒரு கருவி, போன் அடித்தால் மோட்டார் ஓடும், கரண்டு போனால் வந்தால் தகவல் சொல்லும். தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியமும் கொடுத்திருக்கிறது. ஸ்மார்ட் போனே வேண்டாம், சித்தப்பா பட்டன் போனில்தான் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே உருப்படியான பொருள் இதுதான். நீங்கள் இயக்க வேண்டுமென்றால் உங்கள் நம்பரை அதில் முதலில் பதிய வேண்டும், தெரியாத நம்பரை அது மதிக்காது. பழைய கருவி 2ஜி மட்டும்தான் என்றால் ஜியோ சிம் எடுபடாது, ஜியோவில் 2ஜி கிடையாது, ஏர்டெல்லோ பிஎஸ்என்எல்லோ போடுங்கள். ரீசார்ஜ் முடிந்தால் மோட்டாரும் ஊமை. பூட்டிக் கிடக்கும் வீட்டில் கேமரா மாட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: கேமரா மட்டும் இன்வெர்ட்டரில் இருந்தால் போதாது, ரவுட்டரும் இருக்க வேண்டும். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்டை நிறுத்தும் நாளில்தான் நமக்கு வீட்டைப் பார்க்கணும் போல இருக்கும்.

பாம்பனில் கூட்டாளி ஒருவன் விசைப்படகில் போகிறான். நான் போனபோது மீன்பிடித் தடைக்காலம் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை), படகெல்லாம் கரையில், அவனும் சும்மா இருந்தான். கடலுக்குள் 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் டவர் கிடையாது, அப்புறம் போன் எதற்கு என்று கேட்டேன். சிரித்தான். இஸ்ரோ உருவாக்கிய ட்ரான்ஸ்பாண்டர் படகில் இருக்கிறது, அது செயற்கைக்கோளோடு பேசும், போன் ப்ளூடூத்தில் அதோடு பேசும். நபமித்ரா என்ற ஆப்பில் தமிழிலேயே வானிலை எச்சரிக்கை வரும், எல்லைப் பக்கம் நெருங்கினால் சொல்லும், ஆபத்து என்றால் படகிலிருந்தே கரைக்குச் செய்தி அனுப்பலாம். அதற்கு முன் 2019-இல் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் ஜெமினி என்று ஒன்று கொண்டுவந்தது, அதுவும் ப்ளூடூத்தில் போனுக்குத் தகவல் தரும், ஆனால் ஒருவழிப் பாதை, வாங்கிக்கொள்ளலாம், பதில் சொல்ல முடியாது. என் வீட்டில் பல்பை அணைக்கிற ப்ளூடூத்தும் இதுவும் ஒன்றா என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

அதைப் பார்த்து நீங்களும் செயற்கைக்கோள் கருவி எதையாவது தூக்கிக்கொண்டு வராதீர்கள். துரையா, இரிடியம் போன்கள், கார்மின் இன்ரீச் மாதிரி மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் கருவிகள் எல்லாமே அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருந்தால் குற்றம், கைது வரை போகும். எதிரே இலங்கை இருக்கிற கடற்கரையில் இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ட்ரோனும் அப்படியே. 2022 பிப்ரவரியில் இருந்து வெளிநாட்டு ட்ரோனை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது, விமான நிலையத்திலேயே சுங்கத்தில் போய்விடும். தப்பித் தவறி வந்தாலும் பாம்பன் பாலத்தைப் படம் பிடிக்கிறேன் என்று பறக்கவிடாதீர்கள், உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம் ஐஎன்எஸ் பருந்து இருக்கிறது.

தனுஷ்கோடி போகும்போது நெட்வொர்க்கை மேனுவலாக வைத்துக்கொள்ளுங்கள், அரிச்சல்முனையில் போன் இலங்கை டவரைப் பிடித்து ரோமிங் காசு தின்ன வாய்ப்பு உண்டு. அங்கே சிக்னல் சொதப்பும், யுபிஐயை மட்டும் நம்பிச் சங்கு வாங்கப் போகாதீர்கள், கையில் ரொக்கம் இருக்கட்டும். கடையில் ‘நூறு ரூபாய் பெறப்பட்டது’ என்று பேசுகிறதே, அந்தப் பெட்டிக்கும் உங்கள் போனுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. அதற்குள் தனி சிம், தகவல் வங்கி வழியாகச் சுற்றி வருகிறது. அது பேசவில்லை என்றால் காசு போகவில்லை என்று மறுபடி அனுப்பிவிடாதீர்கள், முதலில் உங்கள் ஆப்பில் பாருங்கள். கடற்கரையில் இருந்து வந்ததும் சார்ஜ் ஓட்டையில் ஈரம் என்று போன் எச்சரித்தால் நன்றாகக் காயும்வரை சார்ஜ் போடாதீர்கள், ஈரத்தோடு போட்டால் ரிமோட் ஸ்பிரிங்குக்கு வந்த களிம்பு இங்கேயும் வரும்.

சரி, அந்த ஏசி பேட்டரி. மூன்று வாரமும் அம்மா அறையில் ஏசியை என் போனில்தான் போட்டேன், அணைத்தேன். கிளம்பும்போது குட்டி ஐஆரையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். தம்பி ராமநாதபுரத்தில் குடியிருக்கிறான். சிங்கப்பூர் வந்த மறுநாள் ராத்திரி பன்னிரண்டரைக்கு போன், ஊரில் மணி பத்து. “ரிமோட்டுக்குள்ள ஒண்ணுமே இல்லையேப்பா, எப்படிப் போடுறது?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வந்து ஏசியின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்திருக்கிறான். உள்ளே ஓரமாக ஒரு சின்னப் பட்டன், ரிமோட் இல்லாத அவசரத்துக்கென்றே கம்பெனிக்காரன் வைப்பது. ஒருதரம் அழுத்தினால் ஓடும், மறுதரம் அழுத்தினால் நிற்கும். எட்டாததால் விளக்குமாற்றுக் கட்டையால் அழுத்தினானாம்.

மறுநாளே பேட்டரி வாங்கிப் போடச் சொன்னேன். இன்றுவரை வாங்கவில்லை. “எதுக்குப்பா, அதான் கட்டை இருக்கே” என்கிறார்கள்.