பாதாளச் சாக்கடைக் குழாய்க்குள் ரோபோ கேமரா விடுவது எப்படி?

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் திரையில் ஓடும் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதன் மூலையில், கேமரா எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஓடும் மீட்டர் கணக்கை யாரும் கவனிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் மாதத்தில் ஒருநாள் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமலே, கேமரா பொருத்திய சின்ன ரோபோ வண்டியைக் குழாய்க்குள் ஓட்டிவிட்டேன். விரிசல் அருமையாகப் பதிவானது. ஆனால் சாலையைத் தோண்டிப் பார்த்தால் அங்கே நல்ல குழாய்! அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

படி 1: சாக்கடைக் குழியின் (மேன்ஹோல்) மூடியைத் திறந்ததும் வாயுவைச் சோதியுங்கள். கயிற்றில் கட்டிய வாயு மானியை மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் இறக்கிப் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) தொட்டாலே விலகி நில்லுங்கள். நாற்றம் இல்லையே என்று நம்பிவிடாதீர்கள், அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். கேமரா சிக்கினாலும் சரி, ஆளை மட்டும் உள்ளே இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவதை கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிரான 2013ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும் தடை செய்கிறது.

படி 2: அழுத்தத்தோடு தண்ணீரைப் பீய்ச்சி (ஜெட்) அடித்துக் குழாயைக் கழுவுங்கள். சேறு மூடிய விரிசல் கேமராவுக்குத் தெரியாது.

படி 3: லென்ஸ் குழாயின் நடுமையத்தில் நிற்கும்படி சக்கரம் மாட்டுங்கள். தண்ணீர் புகாமல் இருக்க வண்டிக்குள் நைட்ரஜன் அழுத்தம் ஏற்றியிருப்பார்கள். அந்த அழுத்தம் இறங்கினால் எங்கோ சீல் கசிகிறது என்று அர்த்தம். அப்படியே இறக்கினால் செலவு உங்களுக்குத்தான்.

படி 4: இதுதான் நான் திட்டு வாங்கிய இடம். வண்டியைக் குழாய் வாயில் நிறுத்தி, கேபிளின் தொய்வை இழுத்து எடுத்துவிட்டு, கணக்கைப் பூஜ்யமாக்குங்கள். சிலர் குழியின் மையத்திலிருந்து அளப்பார்கள், சிலர் குழாயின் வாயிலிருந்து. எதுவானாலும் பரவாயில்லை, எது என்று எழுதிவையுங்கள். எந்தக் குழியிலிருந்து எந்தக் குழியை நோக்கி ஓட்டுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அது மாறினால் எல்லாமே தலைகீழ்.

படி 5: மெதுவாக ஓட்டுங்கள். அமெரிக்காவில் பின்பற்றப்படும் முறையில் நிமிடத்துக்கு 30 அடிதான் உச்ச வேகம், அதாவது சுமார் 9 மீட்டர். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் நின்று, கேமராவின் தலையை முழு வட்டம் சுழற்றுங்கள். பழுது இருக்கும் இடத்தைக் கடிகார முள் கணக்கில் சொல்வார்கள்: உச்சி 12 மணி, அடி 6 மணி. "23.4 மீட்டர், 2 மணியில் வேர்" என்று குறித்தால் தோண்டுகிறவருக்குப் போதும்.

கான்கிரீட் குழாய் என்றால் உச்சியைக் கூடுதல் நேரம் பாருங்கள். சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடை, ஈரமான மேற்சுவரில் வாழும் பாக்டீரியா கந்தக அமிலமாக மாற்றிவிடும். அமிலம் சிமெண்டைத் தின்னத் தின்ன உள்ளே இருக்கும் ஜல்லி துருத்திக்கொண்டு தெரியும். தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும் அடிப்பாகம் அப்போதும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அடியை மட்டும் பார்த்துவிட்டு "குழாய் நல்லா இருக்கு" என்று எழுதுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

தண்ணீர் மெல்ல உயர்ந்து லென்ஸை மூடி, கொஞ்ச தூரம் கழித்து மறுபடி வடிந்தால் அங்கே குழாய் தொய்ந்திருக்கிறது. வண்டியில் சாய்வுமானி இருந்தால் உறுதிசெய்துகொள்ளலாம். தண்ணீருக்கு அடியில் கேமரா எதையும் காட்டாது, அதற்கு ஒலி அலையால் பார்க்கும் சோனார் வேண்டும்.

படி 6: பெரிய பழுது கண்ட இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, அதிலிருக்கும் 512 ஹெர்ட்ஸ் சிக்னல் கருவியை இயக்குங்கள். மேலே ஒருவர் ரிசீவருடன் சாலையில் நடந்து, சிக்னல் உச்சத்தில் வரும் இடத்தில் பெயிண்டால் குறியிடட்டும். கேபிள் காட்டும் தூரத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் படி 4க்குத் திரும்புங்கள்.

படி 7: வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது கேபிளை அதே வேகத்தில் சுற்ற ஒருவர் நிற்க வேண்டும். தொய்ந்த கேபிள் மேல் சக்கரம் ஏறிச் சிக்கிவிட்டால், அப்புறம் பழுதுக்காக இல்லை, வண்டியை எடுக்கத்தான் சாலையைத் தோண்ட வேண்டியிருக்கும்.