சின்னப் பிள்ளைகளை சஸ்பெண்ட் செய்யும்போது நடக்கும் தவறுகள்

தொடக்கப் பள்ளித் தண்டனைகளில் நியாயம் பெரும்பாலும் விசாரிக்கும்போதே கோட்டைவிடப்படுகிறது. எத்தனை நாள் தண்டனை என்பதெல்லாம் அப்புறம்தான்.

தண்ணீர்க் குழாய் வரிசையில் ஒருவன் முழங்கையால் இடிக்கிறான். இடிபட்டவன் திரும்பித் தள்ளுகிறான். சத்தம் கேட்டு ஆசிரியர் திரும்பும்போது கண்ணில் படுவது இரண்டாவது தள்ளல் மட்டும்தான். விழுந்து அழுகிறவன் பாவம், நிற்கிறவன் குற்றவாளி என்று அந்த நொடியிலேயே முடிவாகிவிடுகிறது. நிற்கிறவன் ஏற்கெனவே ‘வால்’ என்று பெயரெடுத்தவனாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்து, “ஏன்டா செஞ்சே?” என்ற கேள்வி. தான் ஏன் அப்படிச் செய்தோம் என்று விளக்கும் பக்குவம் ஏழு வயதில் பல பிள்ளைகளுக்கு இருக்காது. “தெரியல” என்று சொல்லும், இல்லாவிட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம். “என்ன நடந்துச்சு? அதுக்கு முன்னாடி?” என்று கேட்டால் பிள்ளை கோவையாகச் சொல்ல ஆரம்பிக்கும். “நீதானே தள்ளினே?” என்று கேட்பது இன்னும் மோசம். பெரியவர் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லிவிடுகிற வயது அது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று நினைத்துப் பதிலையே மாற்றிவிடும். அதைப் போய் ‘ஒப்புக்கொண்டான்’ என்று எழுதி வைப்பது அநியாயம். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய மன்னிப்புக் கடிதமும் இதே ரகம்தான். ‘இனி இத்தகைய ஒழுங்கீனச் செயல்களில் ஈடுபட மாட்டேன்’ என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை தானாக எழுதுமா என்ன? இருவரையும் தனித்தனியாகக் கேட்டு, வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்களையும் கேட்டு, அன்றைக்கே குறித்து வைத்தால் போதும். கால் மணி நேர வேலை.

பிள்ளை பேச்சைக் கேட்பது சலுகை இல்லை. ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. பள்ளி ஒழுங்கு குழந்தையின் மாண்புக்கு உட்பட்டே இருக்க வேண்டும் என்கிறது 28ஆம் பிரிவு. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1975இல் ‘கோஸ் எதிர் லோபஸ்’ வழக்கில், அரசுப் பள்ளியில் 10 நாள் வரையிலான இடைநீக்கத்துக்குக்கூடக் குற்றச்சாட்டைச் சொல்லி, மாணவர் மறுத்தால் ஆதாரத்தை விளக்கி, அவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்றது. ஆபத்தான நிலைமை என்றால் முதலில் வெளியே அனுப்பலாம், ஆனால் விசாரணையைத் தள்ளிப்போடக் கூடாது. பெரிய வகுப்புப் பிள்ளைகளின் வழக்கு அது. சின்னவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இன்னும் கூடுதலாகத்தான் தேவை.

கண்ணுக்குத் தெரியாத தவறு ஒன்று உண்டு: “இன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போயிடுங்க” என்ற போன். கடிதம் கிடையாது, பதிவு கிடையாது. வாரத்துக்கு இரண்டு முறை இப்படி நடந்தாலும் கணக்கில் அந்தப் பிள்ளை ஒருநாளும் சஸ்பெண்ட் ஆகவில்லை. அனுப்புவதென்றால் எழுத்தில் கொடுத்து அனுப்ப வேண்டும்: என்ன நடந்தது, எந்த விதி மீறப்பட்டது, எத்தனை நாள், என்றைக்குத் திரும்ப வர வேண்டும், விடுபடும் பாடத்துக்கு என்ன ஏற்பாடு. ‘மறு உத்தரவு வரும் வரை’ என்ற வாசகம் அதில் வரவே கூடாது.

யாரோ ஒருவன் விசில் அடித்ததற்கு வகுப்பையே நிற்க வைப்பதும் தவறு. கூட்டுத் தண்டனையைப் போர்க்காலத்துக்கே 1949 ஜெனிவா உடன்படிக்கை தடை செய்திருக்கிறது! ‘கடித்தால் மூன்று நாள்’ என்று மீட்டர் வைத்தாற்போல் விதி எழுதுவதும் உதவாது. இப்படிக் கறாரான கொள்கைகளால் பள்ளிகள் பாதுகாப்பாயின என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2008இல் எழுதியது. அதற்காக ஆளைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று அர்த்தமில்லை. அமெரிக்க அரசின் 2011-12 கணக்குப்படி, மழலையர் வகுப்புகளில் கறுப்பினக் குழந்தைகள் 18 சதவீதம். ஒரு முறைக்கு மேல் சஸ்பெண்ட் ஆனவர்களில் அவர்கள் 48 சதவீதம். ஆகவே பள்ளி தன் பதிவேட்டைப் பருவத்துக்கு ஒருமுறையாவது புரட்டி, யார் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்க வேண்டும்.

அப்படி வரும் பெயர்களில் சிலருக்குக் காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம், எழுத்துக் கூட்ட முடியாமல் இருக்கலாம். வாசிப்பு வகுப்பு வந்தால் மட்டும் ரகளை செய்கிற பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால், ரகளை செய்தால் வாசிக்க வேண்டியதில்லை என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். அடுத்தவருக்கு ஆபத்து என்கிற நிலையில் ஓரிரு நாள் இடைவெளி தேவைப்படலாம், சரி. அந்த இடைவெளியில் பள்ளி என்ன மாற்றப்போகிறது என்பதும் கூடவே முடிவாக வேண்டும். இடம் மாற்றுவதா, இடைவேளையில் ஒருவர் கூட இருப்பதா, செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்புவதா? ஒன்றுமே மாறவில்லை என்றால் திரும்பி வரும் நாளில் அதே தள்ளல்தான்.

பெற்றோர் செய்யும் தவறுகளும் உண்டு. வீட்டில் இன்னொரு முறை அடிப்பது, எதிர்த்தரப்புப் பிள்ளையை வாசலில் நிறுத்தி மிரட்டுவது, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டு நியாயம் கேட்பது. கேட்க வேண்டியதைத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீடு யாரிடம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவெடுத்தவரே அதை மறுபரிசீலனை செய்வார் என்று பதில் வந்தால், அவருக்கு மேலே இருப்பவருக்கு எழுதுங்கள்.