பயிர் நோய் ஆராய்ச்சிய விவசாயிகிட்ட கொண்டு சேர்க்க என்ன பண்ணணும்

ஆராய்ச்சிக் கட்டுரைய பிடிஎஃப்பா வாட்ஸப் குரூப்ல தட்டி விட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, யாரும் தொறந்துகூட பாக்க மாட்டாங்க. வயல்ல என்ன தெரியும், தெரிஞ்சா ஒடனே என்ன செய்யணும், எதுக்கு வீணா செலவு பண்ண வேணாம், இத மட்டும் ஒரே பக்கத்துல எழுதி, ஊருக்கு வந்து விவசாயிக்கு யோசனை சொல்ற விரிவாக்கப் பணியாளர்கிட்ட குடுங்க. அவருக்கு ஏற்கனவே ஆயிரம் வேலை.

தாளோட ஒரு செய்முறையும் குடுத்தா இன்னும் நல்லது. தக்காளி பச்சையா இருக்கும்போதே வாடுது, பாக்டீரியாவா பூஞ்சாணமான்னு சும்மா பாத்து சொல்றது கஷ்டம். அந்த பாக்டீரியாவுக்கு ரால்ஸ்டோனியான்னு பேர் சொல்லி என்ன ஆகப்போகுது? கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணி எடுத்து, வாடின செடியோட அடித்தண்ட வெட்டி, வெட்டின பக்கம் தண்ணில படுற மாதிரி ஆடாம புடிக்கச் சொல்லுங்க, பாக்டீரியா வாடலா இருந்தா கொஞ்ச நேரத்துல பால் நெறத்துல நூல் நூலா கீழ எறங்கும், ஃபியூசேரியம்ங்கற பூஞ்சாண வாடல்னா அப்படி வராது. இத விவசாயியே வரப்புல நின்னு தன் கையால பண்ணணும், பணியாளர் பண்ணிக் காட்டுறது வேற. நூல் எறங்கறத கண்ணால பாத்தப்புறம், இதுக்கு பூஞ்சாணக்கொல்லி ஊத்தி பிரயோஜனம் இல்ல, செடிய வேரோட எடுத்துடுங்க, அடுத்த போகம் அங்க கத்திரி, மொளகா, உருளை வேணாம்னு சொன்னா காதுல ஏறும். 1989ல இந்தோனேசியாவுல நெல்லுக்கு ஆரம்பிச்ச உழவர் வயல்வெளிப் பள்ளியும் இதே வழிதான், வயல்லயே பாத்து அவங்களே முடிவெடுக்கறது.

நேரமும் முக்கியம். யூரியாவுல இருக்கற தழைச்சத்து அதிகமானா நெல்லுல குலைநோய் கூடும், அந்தச் சேதிய யூரியா போட்டு முடிச்சப்புறம் அனுப்பி என்ன பண்றது?

மருந்துக்கடைக்காரரையும் விட்டுடாதீங்க. நோய்னதும் நெறைய பேர் மொதல்ல ஓடுறது அங்கதான், அதனால அதே தாள் அவர்கிட்டயும் இருக்கட்டும், விக்கிறவர் எப்படி வேணாம்னு சொல்வாருங்கற சந்தேகம் எனக்கும் உண்டு, ஆனா அவர ஒதுக்கிட்டா அவர் சொல்றதுதான் ஊர்ல நிக்கும்.

ஒரே சீசன், அதுவும் ஆராய்ச்சிப் பண்ணையில மட்டும் பாத்த முடிவ பரிந்துரைன்னு அனுப்பாதீங்க. ஒரு ஓரத்துல மட்டும் போட்டுப் பாருங்கன்னு நேராவே சொல்லலாம்.

கேள்வி திரும்பி வரவும் வழி வேணும். போட்டோ கேட்டா ஒத்த இலைய மட்டும் அனுப்புவாங்க, முழுச் செடி, இலையோட அடிப்பக்கம், வேர், வயல்ல திட்டுத்திட்டா இருக்கா பரவலா இருக்கான்னு தெரியுற மாதிரி தூரத்துல ஒண்ணு, கடைசியா என்ன மருந்து அடிச்சாங்க, இவ்வளவும் கேட்டு வாங்குங்க.