சுவர் காயுமுன் ஆமை வரையாதீர்கள்: கடல் காக்கும் சுவரோவியங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மழைக்காலம் கடந்த கடல் ஓவியத்தின் அருகே போய், ஆமையின் வயிறு இருக்கும் இடத்தை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கொப்புளமாக எழும்பியிருக்கும் பெயிண்ட் பொட்டென்று உடையும். உள்ளிருந்து வெள்ளைத் தூள் கொட்டும். புதிதாகச் சுவரில் வரைய வருகிறவர்கள் திரும்பத் திரும்ப இங்கேதான் சறுக்குகிறார்கள். இன்று கை தேர்ந்தவர்களும் ஒரு காலத்தில் சறுக்கிய இடம்தான் இது. அளவெடுக்காமல் தொடங்குவது, தூரிகையைக் காயவிடுவது போன்றவற்றை ஒருமுறை பட்டவர்கள் மறுமுறை செய்ய மாட்டார்கள். அவற்றை விட்டுவிடுவோம்.

சுவரைப் பார்க்காமல் டப்பாவைத் திறப்பது

எத்தனை முறை சொன்னாலும் ஆறாத தவறு இது. வடிவமைப்புக்கு மூன்று வாரம் செலவிடுவார்கள், சுவருக்கு மூன்று நிமிடம். தொட்டால் காய்ந்திருக்கிறது, போதும் என்று பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடித்துவிடுவார்கள். தொட்டுப் பார்த்தால் மேல்தோல்தான் தெரியும்.

சுவருக்குள் இருக்கும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். நீர் ஆவியானதும் உப்பு பூச்சின் நுண்துளைகளில் படிகமாகும். வளரும் படிகம் கொடுக்கும் அழுத்தத்தில் சிமென்ட் பூச்சே பொரிந்துவிடும், பெயிண்ட் எம்மாத்திரம்? கடலோரச் சுவர்களில் காற்றே உப்பைக் கொண்டுவருவதால் இது இன்னும் விரைவாக நடக்கும். உரிந்த பெயிண்டும் சும்மா போவதில்லை. அக்ரிலிக் பெயிண்ட் காய்ந்தால் அது பிளாஸ்டிக் படலம். அந்தச் செதில்கள் மழைநீரோடு வடிகாலில் இறங்கிக் கடலில்தான் சேரும். கடலுக்காக வரைந்த ஓவியம் கடலில் குப்பை போடுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை கிடைக்கோடாகக் கறை இருந்தால் அது அடியிலிருந்து ஏறும் ஓதம். மேலிருந்து நாக்கு நாக்காக இறங்கினால் கூரை அல்லது குழாய்க் கசிவு. பின்னால் மண் முட்டுக்கொடுத்து நிற்கும் தடுப்புச் சுவர் என்றால் வேறு சுவர் தேடுங்கள்.

அடுத்தது பிளாஸ்டிக் தாள் சோதனை. 45 சென்டிமீட்டர் சதுரமான தெளிந்த தாளை நான்கு ஓரமும் டேப்பால் அடைத்து ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் உட்புறம் நீர் முத்துக்கள் நின்றாலோ, சுவர் அந்த இடத்தில் கறுத்திருந்தாலோ வேலையைத் தள்ளிப் போடுங்கள். ஓரிடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. தரைக்கு ஒரு சாண் மேலே, நடுவில், உச்சியில் என மூன்று இடங்களிலாவது ஒட்ட வேண்டும்.

சுவரில் பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள் அதைக் கரைத்து மறுபடி சுவருக்குள் அனுப்புகிறார்கள். நைலான் பிரஷால் உலர்வாகவே தேய்த்து, கீழே விரித்த தாளில் சேகரித்து அப்புறப்படுத்துங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், அதன் துணுக்குகள் சுவரில் தங்கித் துருக்கறையாக வெளிவரும். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், மீண்டும் பூத்தால் ஈரத்தின் வழி இன்னும் அடைபடவில்லை. கடற்காற்று மேற்பரப்பில் படிய வைத்த உப்பு வேறு வகை. அதை நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிடலாம்.

புதுப் பூச்சு என்றால் 28 நாள் பொறுங்கள். பச்சைச் சிமென்டின் காரத்தன்மை பிஹெச் 12, 13 வரை இருக்கும். அது பெயிண்டின் பிணைப்பையும் சில நிறமிகளையும் தின்றுவிடும். பூச்சை நனைத்து பிஹெச் தாளை ஒட்டிப் பாருங்கள். 10க்கு மேல் காட்டினால் காரம் தாங்கும் பிரைமர் இல்லாமல் தொடாதீர்கள்.

ஓதத்தை அடக்குகிறேன் என்று நீர்புகாத எபாக்சி பிசினைத் தடிப்பாகப் பூசுவது இன்னும் கெடுதல். நீர் வெளியேற வழியின்றிப் பின்னாலிருந்து தள்ளும், கடைசியில் தாள் தாளாகப் பெயர்ந்து வரும். லேசான ஈரம் தவிர்க்க முடியாத, இதுவரை பெயிண்ட் படாத சிமென்ட் சுவருக்கு சிலிகேட் பெயிண்ட் பொருந்தும். ஜெர்மானியரான அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878இல் காப்புரிமை பெற்ற முறை அது. பொட்டாசியம் சிலிகேட் சுவரோடு வேதிமுறையில் பிணைவதால் மேலே படலம் கட்டாது, ஈரம் வெளியேறிவிடும். பழைய அக்ரிலிக் மேல் மட்டும் அது பிடிக்காது.

உடலறியாமல் வரைவது

மீனின் வால் செங்குத்து, பக்கவாட்டில் அசையும். திமிங்கலம், ஓங்கிலின் (டால்பின்) வால் கிடை, மேலும் கீழும் அசையும். கடலாமைக்குக் காலுக்குப் பதில் துடுப்பு, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளவும் அதற்கு முடியாது. தோல்முதுகு ஆமையின் முதுகில் கட்டம் கட்டமான ஓடு கிடையாது, நீளவாக்கில் ஏழு வரப்புகள்தான். துருவக் கரடியும் பென்குயினும் ஒரே பனிப்பாறையில் நிற்காது.

பவளம்தான் அதிகம் தவறிப்போகிறது. வெளுத்த பவளத்தின் பக்கத்தில் மண்டையோடு வரைகிறார்கள். வெளுத்தது என்றால் செத்தது என்று பொருளல்ல. வெப்பம் தாளாமல் தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றிவிட்டுப் பட்டினியில் நிற்கிறது. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் மீளும். செத்த பவளத்தின் மேல் பாசி படர்ந்து பழுப்பேறும். வெள்ளைக்கும் பழுப்புக்கும் இடையே இன்னும் காப்பாற்ற நேரமிருக்கிறது என்பதைத்தானே ஓவியம் சொல்ல வேண்டும்?

ஒரே சுவரில் கடல் முழுவதும்

நெகிழி, மீன்பிடி, வெப்பம், எண்ணெய்க் கசிவு, இருபது உயிரினங்கள், நான்கு வாசகங்கள். பார்ப்பவருக்கு ஒன்றும் நிற்காது. அமெரிக்கச் சுவரோவியர் வைலேண்ட் 1981இல் கலிபோர்னியாவின் லகுனா பீச்சில் தொடங்கி 2008இல் பெய்ஜிங்கில் முடித்த 100 சுவர்களின் பலம் பல இடங்களில் உயிரளவுத் திமிங்கலம்தான். 15 மீட்டர் சுவர் இருந்தால் கூன்முதுகுத் திமிங்கலம் ஒன்று உண்மை அளவிலேயே அடங்கும். அதன் பக்கத்தில் ஒரு குழந்தை நிற்கும்போது வாசகமே தேவைப்படாது.

வாசகம் வேண்டுமென்றால் கணக்குப் போடுங்கள். மூன்று மீட்டர் தூரத்துக்கு எழுத்து 2.5 சென்டிமீட்டர் உயரம், 30 மீட்டருக்கு 25. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 11 மீட்டர் கடக்கும். ஆறு சொல்லுக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஒளிரும் நிறங்கள்

வெயிலில் முதலில் சாவது ஃப்ளூரசென்ட் நிறங்கள்தான். டப்பாவில் நிறத்தின் பெயரை விட்டுவிட்டு உள்ளே எந்த நிறமி இருக்கிறது என்று சொல்லும் நிறமி எண்ணைப் பாருங்கள். தாலோ நீலம், அதாவது பி.பி. 15 (பிக்மென்ட் புளூ 15) என்ற எண் கொண்டது, வெயில் தாங்கும்.

வடிகாலில் பிரஷ் கழுவுவது

மழைநீர் வடிகாலில் ஊற்றுவது பெரும்பாலும் சுத்திகரிப்பு எதுவுமின்றி நேரே நீர்நிலைக்குப் போகும். பிரஷில் மிஞ்சிய பெயிண்டை முதலில் அட்டையில் துடைத்தெடுங்கள். பிறகு மூன்று வாளி: ஒன்றில் அழுக்கைக் கழற்றி, இரண்டாவதில் அலசி, மூன்றாவதில் முடியுங்கள். வண்டல் அடங்க ஓரிரவு விடுங்கள். அடியில் படிந்ததை மரத்தூளில் ஊற்றிக் காயவைத்துக் கட்டியாகக் குப்பையில் சேருங்கள். மேல்நீரை மறுநாள் முதல் வாளிக்கே பயன்படுத்தலாம்.

நன்கொடையாளர் பெயர்கள்

ஓரத்தில், ஒரு வரியில்.

மிச்சப் பெயிண்டைத் தூக்கி எறிவது

ஒவ்வொரு கலவையிலும் ஒரு சிறு புட்டி எடுத்து, நிறமி எண்ணும் விகிதமும் எழுதி மூடி வையுங்கள். அடுத்த ஆண்டு ஆமையின் துடுப்பில் கீறல் விழும்போது அதே பச்சையை யாராலும் கண்ணால் பார்த்துக் கலக்க முடியாது.