விலையுயர்ந்த பையும் ஷூவும்: முதன்முறை வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோல் பை, ஷூ பழுதுபார்ப்பது என் தொழில். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் முதன்முதலாக ஒரு ஆடம்பரப் பொருளை வாங்கி, சில வருஷத்தில் அதைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் செய்த தவறுகளை ஒரு காலத்தில் நானும் செய்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். போலியை வாங்காதே, கடன் வாங்கி வாங்காதே என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிடலாம்.

விலையை வைத்துத் தோலை எடைபோடுவது

'இவ்வளவு விலை, அப்படியானால் நல்ல தோலாகத்தான் இருக்கும்' என்ற கணக்கு பல தடவை தப்பாகிறது. லூயி விட்டான் நிறுவனத்தின் எல்.வி. எழுத்துகள் அச்சிட்ட புகழ்பெற்ற மோனோகிராம் பைகளில் பெரும்பகுதி தோலே இல்லை. துணியின் மேல் பி.வி.சி. பூசிய கான்வாஸ் அது. அந்த அச்சு வடிவம் 1896-ல் வந்தது. நன்றாக உழைக்கும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தோல் என்று நினைத்துத் தோல் கிரீம் தேய்த்துக்கொண்டு வருகிறார்கள்.

விலை எங்கே போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த பிராண்ட் அடங்கிய எல்.வி.எம்.எச். குழுமத்தின் 2023 கணக்கில், 100 யூரோ விற்பனைக்குப் பொருளின் அடக்கம் சுமார் 31 யூரோ. விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் ஆன செலவு சுமார் 36 யூரோ. மது, வாசனைத் திரவியம் எல்லாம் சேர்ந்த கணக்குதான், இருந்தாலும் பொருளைவிட அதை விற்பதற்கு அதிகம் செலவாகிறது. 2024-ல் மிலான் நீதிமன்றம் அதே குழுமத்தின் பிராண்டான டியோரின் துணை நிறுவனம் ஒன்றைக் கண்காணிப்பில் வைத்தது. துணை ஒப்பந்தக்காரர்களின் பட்டறைகளில் தொழிலாளர்கள் சுரண்டப்பட்டதுதான் வழக்கு. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பையைத் தைத்துச் சேர்க்க 53 யூரோ கொடுக்கப்பட்டதாக அந்த ஆவணங்களில் இருந்தது. தோலின் விலை தனி. 2025-ல் கண்காணிப்பு விலக்கப்பட்டுவிட்டது. ஆனால் என்னைப்போல் ஊசி பிடிக்கிறவனால் அந்த 53-ஐ மறக்க முடியவில்லை.

பெட்டிக்குள் பூட்டிவைப்பது

இத்தனை வருஷம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றுக்குத்தான்.

தொழிலுக்கு வந்த புதிதில், பல மாதம் சேர்த்த பணத்தில் ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். அணிய மனம் வரவில்லை. 'நல்ல நாளுக்கு' என்று பெட்டியோடு அலமாரி மேல் வைத்தேன். ஆறு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். படி ஏறும்போது காலடியில் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தால், குதிகால் பக்கம் சோல் காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்து கிடந்தது. மேலே தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

காரணம் அந்தச் சோல் செய்யப்பட்ட பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். இதில் ஒரு வகையைக் காற்றில் உள்ள ஈரம் மெல்ல மெல்ல அறுத்துவிடும். நீங்கள் அணிந்தாலும் அணியாவிட்டாலும், தொழிற்சாலையில் வார்த்த நாளிலிருந்தே அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். உதிர ஆரம்பித்த சோலை ஒட்டிச் சரிசெய்ய முடியாது, முழுதாக மாற்றத்தான் வேண்டும்.

லைனிங்கில், அதாவது உள்துணியில், இதுமாதிரி பிளாஸ்டிக் பூசிய பைகளிலும் இதே கதை. சென்ற மாதம் ஒருவர் கொண்டுவந்த பை வெளியே புதுசு மாதிரி மின்னியது. ஜிப்பைத் திறந்ததும் புளித்த வாடை. உள்பாக்கெட்டில் விரலை விட்டேன், பிசின்போல ஒட்டிக்கொண்டது. வெளியே எடுத்தால் நுனியெல்லாம் கறுப்புச் செதில். 'பத்து வருஷத்தில் நாலு தடவைகூட எடுத்துப் போகலையே, விலை ஏறும் என்றுதானே வைத்திருந்தேன்' என்றார். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றி வைத்திருக்கிறார். உள்ளே மாட்டிய ஈரத்துக்கு வெளியேற வழியே இல்லை. லைனிங் முழுவதையும் பிரித்தெடுத்துத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அசல் லைனிங் போனதும், விலை ஏறும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது.

மறுவிற்பனையில் விலை நிற்பது எர்மெஸ், ஷனேல் போன்றவற்றின் சில மாடல்களுக்கு மட்டும்தான். மற்றவை பெரும்பாலும் கடை வாசலைத் தாண்டியதுமே இறங்கிவிடும்.

ஆகவே வாங்கும்போதே கேளுங்கள்: லைனிங் துணியா, தோலா, அல்லது மேலே ஏதாவது பூசியதா? சோல் தோலா, ரப்பரா, பாலியூரித்தேனா? விற்பவருக்குத் தெரியவில்லை என்றால், தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் சொல்லும்வரை பணத்தை எடுக்காதீர்கள். வீட்டில் துணிப்பையில் வையுங்கள். உள்ளே அச்சு மை இல்லாத வெள்ளைத்தாளை அடைத்து வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள் ஒரு கட்டத்தில் நிரம்பிவிடும், அவ்வப்போது மாற்ற வேண்டும். அப்புறம், எடுத்துப் பயன்படுத்துங்கள். தயவுசெய்து.

வீட்டுப் பசையால் ஒட்டுவது

வேண்டாம். அதைச் சுரண்டி எடுக்கவே பாதி நாள் போகிறது.

ஈரத் துடைப்பானால் துடைப்பது

சாயம் போகும். உலர்ந்த மென்துணி போதும்.

தையலைப் பார்க்காமல் வாங்குவது

கூடுதல் விலைக்கு அர்த்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எர்மெஸ் பைகளில் இருக்கும் சேணத் தையலைப் பாருங்கள். மெழுகு பூசிய ஒரே நூல், இரு முனையிலும் ஊசி. இரண்டும் ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக நுழைந்து வரும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் அடுத்த தையல் பிடித்துக்கொள்ளும். மிஷின் தையலில் மேல் நூலும் அடி நூலும் கொக்கி போட்டுப் பின்னியிருக்கும். ஒன்று அறுந்தால் வரிசையாகத் தளர ஆரம்பிக்கும். கைத்தையலுக்கு மணிக்கணக்கில் ஒருவர் உட்கார வேண்டும், அந்த நேரத்துக்குக் கொடுக்கும் காசு நியாயம்தான். மொத்த விலைக்கும் அதுவே காரணம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஷூவிலும் அப்படித்தான். சோலைச் சுற்றி ஒரு தோல் பட்டை வைத்துத் தைத்திருந்தால், தேய்ந்த சோலைக் கழற்றிப் புதிது போடலாம், அதுவும் பல தடவை. வெறும் பசையில் நிற்கும் சோலுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. என் அந்தக் கல்யாண ஷூ இரண்டாவது வகை. மேல்தோல் இன்னும் உறுதியாக இருக்கிறது. தொழில் பழக வருகிற பையன்களிடம் முதல் நாள் அதைத்தான் கையில் கொடுத்து, சோல் ஒட்டியிருந்த இடத்தைத் தடவிப் பார்க்கச் சொல்கிறேன்.